18446744073709551615 பகா எண்ணா? இல்லையென்றால் கையால் உடைக்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. சதுரங்கப் பலகையும் அரிசியும் வரும் கதையின் 18446744073709551615 என்ற எண் பகா எண்ணா என்பது ஒன்று. எக்செல்லில் போட்டால் கடைசி ஐந்து இலக்கமும் பூஜ்ஜியமாகிவிடுகிறது, போன் கால்குலேட்டரும் முழு எண்ணைக் காட்டுவதில்லை, அப்படியிருக்க இதன் காரணிகளைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். எண் 5ல் முடிகிறது, ஆகவே 5ஆல் வகுபடும், பகா எண் இல்லை. இது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இத்தனை பெரிய எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தாளும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரால் முழுமையாகச் சொல்ல முடியுமா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த எண்ணைப் பொறுத்தவரை முடியும். ஒரு மாலைப்பொழுது போதும். எண்ணியல் பாடம் எடுக்கும்போது மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பெரிய எண் இதுதான், ஏனென்றால் ஓர் எண்ணை உடைப்பது எவ்வளவு கடினம் என்பதை அதன் நீளம் தீர்மானிப்பதில்லை, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது என்பதை இது அழகாகக் காட்டிவிடும்.

எக்செல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. 20 இலக்க எண்ணைக் கொடுத்தால் 18446744073709500000 என்று மாற்றிக்கொள்ளும். அதாவது உங்கள் ஒற்றைப்படை எண் சத்தமில்லாமல் இரட்டைப்படை எண் ஆகிவிடுகிறது. வகுபடுமா வகுபடாதா என்ற ஆராய்ச்சியில் கடைசி இலக்கமும் முக்கியம் என்பதால், இந்த வேலைக்கு எக்செல்லை நம்பவே கூடாது. நம் வழக்கப்படி வாசித்தால் இது ஏறத்தாழ 1,84,467 கோடி கோடி. இலக்கங்களைக் கூட்டினால் 87 வரும். 87 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. ஆக 3 ஒரு காரணி, ஆனால் ஒரே ஒரு முறைதான். 5 ஒரு காரணி, 15ல் முடிவதால் 25ஆல் வகுபடாது, எனவே அதுவும் ஒரு முறைதான். இதுவரை பள்ளிக்கூடக் கணக்கு.

இனிமேல் எண்ணின் இலக்கங்களை மறந்துவிடுங்கள். முதல் கட்டத்தில் 1, அடுத்ததில் 2, அடுத்ததில் 4 என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64ஆவது கட்டத்தில் 2⁶³ அரிசி இருக்கும். முந்தைய 63 கட்டங்களிலும் சேர்த்து அதைவிட ஒன்று குறைவாக இருக்கும். மொத்தம் 2⁶⁴−1. இந்த வடிவம்தான் சாவி. ஒரு வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்தால் அது எப்போதும் இரண்டாகப் பிரியும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். 2⁶⁴ என்பது 2³²ன் வர்க்கம். எனவே 2⁶⁴−1 = (2³²+1) × (2³²−1). இரண்டாவது அடைப்புக்குள் இருப்பதும் அதே வடிவம். அது (2¹⁶+1) × (2¹⁶−1) ஆகும். இப்படியே இறங்கிக்கொண்டே போகலாம், ஏனென்றால் 64 என்ற அடுக்கை மறுபடி மறுபடி பாதியாக்க முடிகிறது. கடைசியில் கையில் நிற்பவை ஆறு எண்கள்: 3, 5, 17, 257, 65537, 4294967297. இவற்றைப் பெருக்கினால் நம் எண் வந்துவிடும். ஒரு வகுத்தல்கூடச் செய்யாமல் 20 இலக்க எண் ஆறு துண்டாகிவிட்டது.

இந்த ஆறும் ஃபெர்மா எண்கள் எனப்படுபவை. 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிக்கும் அடுக்குகளில் 2ஐ உயர்த்தி 1ஐக் கூட்டினால் கிடைப்பவை. எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. காரணம் எளிது. ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் தனக்கு முன்னால் உள்ள எல்லா ஃபெர்மா எண்களின் பெருக்கலோடு 2ஐக் கூட்டினால் வருவது. சரிபாருங்கள்: 3×5 = 15, 15+2 = 17. 3×5×17 = 255, 255+2 = 257. இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி இருந்தால் அது அந்த 2ஐயும் வகுத்தாக வேண்டும், ஆனால் எல்லாமே ஒற்றைப்படை. ஃபெர்மா எண்கள் முடிவில்லாமல் போகின்றன, ஒவ்வொன்றும் ஒரு புதிய பகாக் காரணியைக் கொண்டுவருகிறது; ஆகவே பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்பதற்கு இதுவே ஒரு தனி நிரூபணம். யூக்ளிடின் நிரூபணத்தைவிட எனக்கு இது கூடுதலாகப் பிடிக்கும்.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா 1640 வாக்கில் இவை எல்லாமே பகா எண்கள் என்று நம்பினார். 3, 5, 17, 257 பகா எண்கள் என்பதைப் பார்த்தவுடன் சொல்லலாம். 65537க்கு 256 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும், கையால் செய்தால் அலுப்பு. ஆனால் ஒரு சுருக்குவழி உண்டு. அதைத் துண்டுகளில் பெரியதான 4294967297ஐ, அதாவது 2³²+1ஐ வைத்தே விளக்குகிறேன், அங்குதான் உண்மையான சுவை இருக்கிறது.

ஒரு பகா எண் 2³²+1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது 2³²க்கு மீதி −1. அதை வர்க்கமாக்கினால் 2⁶⁴க்கு மீதி 1. இப்போது 2ன் அடுக்குகளை வரிசையாக எழுதி மீதிகளைப் பார்த்துக்கொண்டே போனால், மீதி 1 முதன்முதலாக வருவது சரியாக 64ஆவது அடுக்கில்தான். முன்பே வந்திருந்தால் அந்த இடம் 64ன் ஒரு வகுத்தியாக, அதாவது 32ஆகவோ அதற்கும் சிறிய வகுத்தியாகவோ இருந்திருக்கும். அப்போது 32ஆவது அடுக்கிலும் மீதி 1 ஆகியிருக்கும், ஆனால் அங்கே −1 உட்கார்ந்திருக்கிறது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, ஒரு பகா எண்ணிலிருந்து 1ஐக் கழித்த அடுக்கில் மீதி கட்டாயம் 1 வரும். ஆக, அந்தப் பகா எண்ணிலிருந்து 1ஐக் கழித்தால் கிடைப்பது 64ன் மடங்காக இருந்தே தீர வேண்டும். ஆய்லர் இந்த வழியைக் கண்டவர். கோல்ட்பாக் 1729இல் கடிதம் எழுதி ஃபெர்மாவின் இந்தக் கருத்தை அவர் கவனத்துக்குக் கொண்டுவந்தார், 1732இல் ஆய்லர் அதைத் தகர்த்தார். பின்னர் 1878இல் எதுவார் லூக்கா இந்த 64ஐ 128 ஆக்கலாம் என்று காட்டினார். அதாவது 2³²+1ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 128ன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்கும்.

இனி தேடலைப் பாருங்கள். 128ன் மடங்கோடு 1 என்றால் 129, 257, 385, 513, 641 என்று வரிசை போகும். 129 மூன்றால் வகுபடும். 257 ஏற்கெனவே ஒரு ஃபெர்மா எண், பொதுக் காரணி கிடையாது என்று பார்த்துவிட்டோம். 385 ஐந்தால் வகுபடும், 513 மூன்றால் வகுபடும். முதல் உண்மையான வேட்பாளரே 641. வகுத்தால் மீதியில்லாமல் போகிறது: 4294967297 = 641 × 6700417. பத்து இலக்க எண்ணை உடைக்க ஒரே ஒரு வகுத்தல்.

அந்த வகுத்தலைக்கூடச் செய்யாமல் 641 வகுக்கும் என்று நிரூபிக்கலாம். 641 = 5×128 + 1. எனவே 641ஆல் வகுக்கும்போது 5×2⁷க்கு மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸க்கு மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ஐ வைக்கலாம். −2⁴×2²⁸ என்பது −2³². அதற்கு மீதி 1. ஆக 2³²+1க்கு மீதி பூஜ்ஜியம். வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதி முடித்ததும், இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்காத மாணவரை நான் பார்த்ததில்லை.

மிச்சம் 6700417. இது பகா எண்ணா? இதன் எந்தப் பகாக் காரணியும் 2³²+1ஐயும் வகுக்கும் என்பதால் அதே 128 விதி இதற்கும் பொருந்தும். வர்க்கமூலம் 2588க்குச் சற்றே அதிகம். அதற்குள் 128ன் மடங்கோடு 1 வடிவில் இருக்கும் பகா எண்கள், 257ஐத் தள்ளிவிட்டால், நான்கே நான்கு: 641, 769, 1153, 1409. வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஒன்றும் பூஜ்ஜியம் இல்லை. 6700417 பகா எண் என்பது உறுதியாகிவிட்டது. 65537க்கும் இதே கதைதான். அடுக்கு 32க்குப் பதில் 16 என்பதால் அதன் காரணிகள் 64ன் மடங்கோடு 1 ஆக இருக்க வேண்டும். 256க்குள் அப்படி இருக்கும் ஒரே பகா எண் 193. வகுத்தால் மீதி 110. முடிந்தது.

ஆகவே முழு விடை: 18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. நாம் செய்த வகுத்தல்கள் மொத்தம் ஆறு. வடிவத்தைக் கவனிக்காமல் 2, 3, 5, 7 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போயிருந்தாலும் விடை வந்திருக்கும், ஆனால் 65537 என்பது 6,543ஆவது பகா எண், அதுவரை போயிருக்க வேண்டும். முன்பின் தெரியாத, இதே அளவுள்ள ஒரு பகா எண்ணை அப்படிச் சோதிப்பதானால் 20 கோடிக்கும் அதிகமான வகுத்தல்கள் ஆகும்.

காரணிகள் கைக்கு வந்துவிட்டால் மற்ற பண்புகளெல்லாம் தானாக வரும். ஏழு பகா எண்களும் வெவ்வேறு, ஒவ்வொன்றும் ஒரு முறைதான் வருகிறது, ஆகவே 1ஐத் தவிர எந்த வர்க்க எண்ணும் இதை வகுக்காது. வகுத்திகளின் எண்ணிக்கை 2⁷, அதாவது 128. வகுத்திகள் அனைத்தையும் கூட்டினால் எண்ணைப்போல் ஏறத்தாழ 1.70 மடங்கு வரும். இரு மடங்கை எட்டாததால் இது குறை எண். 1 முதல் இந்த எண் வரை, இதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் நூற்றுக்கு 49.92 என்ற அளவில் இருக்கின்றன.

இந்த 128 வகுத்திகளுக்குள் வடிவியல் ஒன்று ஒளிந்திருக்கிறது. 1796இல் காஸ், 19 வயதுகூட நிறையாத நிலையில், அளவுகோலும் காம்பஸும் மட்டும் வைத்து ஒழுங்கான 17 பக்கப் பல்கோணம் வரையலாம் என்று காட்டினார். ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கை கொண்ட ஒழுங்கு பல்கோணத்தை அப்படி வரைய முடிய வேண்டுமானால், அந்த எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மாப் பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வரையலாம் என்பது காஸ் காட்டியது; இல்லாவிட்டால் முடியாது என்ற நிரூபணத்தை 1837இல் வான்ட்ஸெல் முடித்தார். நமக்குத் தெரிந்த ஃபெர்மாப் பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்துதான். ஐந்துமே நம் எண்ணின் காரணிகள்! எனவே இன்றுவரை தெரிந்த, வரையத்தக்க ஒற்றைப்படைப் பல்கோணங்கள் 31ம் இதன் வகுத்திகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றில் பெரியது 4294967295 பக்கம் கொண்டது. பாஸ்கல் முக்கோணத்தில் ஒற்றைப்படைக்கு 1, இரட்டைப்படைக்கு 0 என்று எழுதி, ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாக வாசித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255 என்று வரும். முதல் வரியான 1ஐ விட்டுவிட்டால் அடுத்த 31 வரிகளும் அதே 31 எண்கள். இன்னும் கீழே போய் 64ஆவது வரியைப் பார்த்தால் அதில் அறுபத்து நான்கு ஒன்றுகள். அதுதான் நம் எண்.

65537ஐ நீங்கள் தினமும் பயன்படுத்தவும் செய்கிறீர்கள். வங்கித் தளங்களின் பாதுகாப்பில் வரும் ஆர்எஸ்ஏ முறையில் பொதுச் சாவியின் அடுக்காகப் பெரும்பாலும் வைக்கப்படுவது இந்த எண்தான். இரும வடிவில் இரண்டே இரண்டு ஒன்றுகள் இருப்பதால் 16 வர்க்கமும் ஒரு பெருக்கலும் போதும், கணக்கு வேகமாக முடியும். நிரலர்களுக்கோ முழு எண்ணே பழக்கம். 64 பிட் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய குறியில்லா (கழித்தல் குறிக்கு இடம் ஒதுக்காத) எண் இது. பூஜ்ஜியத்திலிருந்து 1ஐக் கழித்த பிழை எங்காவது நடந்திருந்தால் திரையில் இந்த 20 இலக்கமும் வந்து நிற்கும்.

இனி, அக்கம்பக்கத்து எண்களுக்குப் போனால் நிலைமை எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். இரண்டைக் கூட்டினால் 2⁶⁴+1, அதுவும் ஃபெர்மா எண். அதற்கு வர்க்கச் சூத்திரம் உதவாது. காரணிகள் 256ன் மடங்கோடு 1 என்ற விதி மட்டுமே கையில் இருக்கிறது. முதல் காரணி 274177, அதாவது 1071ஆவது மடங்கில்தான் வருகிறது. மற்றது 67280421310721. 1855இல் கிளாவுசன் காஸுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். 1880இல், எண்பது வயதைத் தாண்டிய லாண்ட்ரி தனியாகக் கண்டுபிடித்து வெளியிட்டார். அடுக்கில் மூன்றைக் கூட்டினால் 2⁶⁷−1. நம் எண்ணைவிட எட்டு மடங்குதான் பெரியது, 21 இலக்கம். ஆனால் 67 பகா எண் என்பதால் பாதியாக்கும் வித்தை செல்லாது. 1644இல் மெர்சென் இதைப் பகா எண் என்று பட்டியலிட்டார். 1876இல் லூக்கா அது பகா எண் அல்ல என்று காட்டினார், ஆனால் ஒரு காரணியைக்கூடச் சொல்லவில்லை. 193707721 × 761838257287 என்ற விடையை 1903இல்தான் ஃபிராங்க் நெல்சன் கோல் வெளியிட்டார். அவர் கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்ற கதையைப் பலரும் சொல்வார்கள். அது எரிக் டெம்பிள் பெல் பின்னாளில் எழுதியதன் வழியாகப் பரவியது, அதை வரலாறாக நான் எடுத்துக்கொள்வதில்லை. கட்டுரை அச்சானதும் பெருக்கல் சரியாக இருப்பதும் மட்டுமே உறுதி.

அதே எச்சரிக்கை சதுரங்கக் கதைக்கும் வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் எழுதி வைத்திருக்கிறார், ஆனால் அது கதைதான். அரிசி ஒன்று 20 மில்லிகிராம் என்று கொண்டால் சுமார் 37,000 கோடி டன், உலகத்தின் இன்றைய அரிசி விளைச்சலில் சுமார் 700 ஆண்டு அளவு என்பதும் தோராயம்தான், அரிசி ரகம் மாறினால் மாறும். காசிக் கோவிலில் 64 பொன் தட்டுகளைப் பூசாரிகள் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முடிந்தால் உலகம் அழியும் என்று வாட்ஸ்அப்பில் வருமே, அதற்கும் விடை இதே 2⁶⁴−1 நகர்த்தல்கள். நொடிக்கு ஒன்று வீதம் 58,000 கோடி ஆண்டுகள் ஆகும். அந்தப் புதிர் நம் லூக்கா 1883இல் பாரிஸில் விற்பனைக்குக் கொண்டுவந்த பொம்மை. காசிக் கதை அந்தப் பொம்மையை ஒட்டிப் பிறந்தது, காசியில் பிறந்ததல்ல.

இந்த அளவு எண் ஏதாவது ஒன்றைக் கொடுத்து, வடிவம் எதுவும் தெரியாமல், பகா எண்ணா என்று கேட்டால்? இன்று அதற்கு உறுதியான பதில் கணநேரத்தில் கிடைக்கும். மில்லர்–ராபின் சோதனையை 2 முதல் 37 வரையுள்ள பன்னிரண்டு பகா எண்களை அடிப்படையாக வைத்து ஓட்டினால், 2⁶⁴க்குக் கீழே எந்த எண்ணும் அதை ஏமாற்ற முடியாது என்பது சரிபார்க்கப்பட்ட உண்மை. எடுத்துக்காட்டாக, 2⁶⁴க்குக் கீழே மிகப் பெரிய பகா எண் 18446744073709551557. பெய்லி–பிஎஸ்டபிள்யூ சோதனையும் 2⁶⁴ வரை பிழையற்றது என்று சரிபார்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் அதை ஏமாற்றும் எண் ஒன்றும் இதுவரை சிக்கவில்லை, சிக்காது என்பதற்கு நிரூபணமும் இல்லை. எல்லா அளவுக்கும் பொருந்தும், ஊகம் எதையும் நம்பாத வேகமான வழி உண்டு என்பதை 2002இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் காட்டினார்கள். நடைமுறையில் அது மெதுவானது, ஆனாலும் கேள்வியைத் தீர்த்துவைத்தது. பகா எண்ணா என்று சொல்வது இப்படி எளிதாகிவிட்டது. காரணிகளைப் பிரிப்பது எளிதாகவில்லை. அதற்காகவே தேர்ந்தெடுத்த 250 இலக்க எண் ஒன்றை உடைப்பதே 2020இல் பெரிய செய்தி.

ஃபெர்மா எண்களைப் பற்றியும் தெரிந்தது கொஞ்சம்தான். 65537க்குப் பிறகு இன்னொரு ஃபெர்மாப் பகா எண் உண்டா என்று யாருக்கும் தெரியாது. அடுக்கு 2³² வரை வரும் எல்லாமே பகு எண்கள் என்று நிரூபித்துவிட்டார்கள். அவற்றில் சிலவற்றுக்கு, உதாரணமாக அடுக்கு 2²⁰, 2²⁴ ஆகியவற்றுக்கு, பகு எண் என்று தெரிந்தும் ஒரு காரணிகூட இதுவரை கையில் இல்லை. அடுக்கு 2³³ ஆகும் எண்ணுக்கு 258 கோடி இலக்கங்கள். அது பகா எண்ணா பகு எண்ணா என்பதே இன்னும் திறந்த கேள்வி. இனி ஃபெர்மாப் பகா எண்கள் இல்லை என்றே பெரும்பாலான எண்ணியலாளர்கள் கருதுகிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் அது கருத்து மட்டுமே.

நான் சொன்னதையெல்லாம் கணினியில் சரிபார்க்க நினைத்தால் பைத்தானைப் பயன்படுத்துங்கள், அதில் முழு எண்ணுக்கு நீள வரம்பு இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வகுக்கும்போது ஒற்றைச் சாய்கோடு போட்டால் அது தசம எண்ணாக மாற்றிவிடும், எக்செல்லில் பட்ட அதே அடி மறுபடி விழும். இரட்டைச் சாய்கோடு போடுங்கள், மீதிக்குச் சதவீதக் குறி. கையால் இன்னொன்று செய்து பார்க்க ஆசையாக இருந்தால் 2⁴⁸−1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 48 இரண்டாலும் மூன்றாலும் வகுபடுவதால் வர்க்கச் சூத்திரத்தோடு கனச் சூத்திரமும் வேண்டியிருக்கும். எங்காவது சிக்கினால் எந்த வரியில் நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.